போர்ச்சுகீசியர் இந்தியாவுக்குக் கடல்வழி கண்ட கதை: ஏன் கிளம்பினார்கள், எப்படித் திரும்பினார்கள்?

வாஸ்கோ ட காமா 1498 மே மாதம் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார் என்பது பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ஏன் வந்தார் என்று கேட்டால் ஒரே வரியில் பதில் வரும். 1453-ல் துருக்கியர்கள் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தார்கள், ஐரோப்பாவுக்கு மிளகு வந்துகொண்டிருந்த பாதை அடைபட்டது, அதனால் புதுவழி தேடிக் கடலில் இறங்கினார்கள். தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தப் பதில் நிற்காது.

போர்ச்சுகல் ஆப்பிரிக்காவின் வடகரையில் இருக்கும் சியூட்டா என்ற துறைமுகத்தைப் பிடித்தது 1415-ல். மேற்குக் கரையில் யாரும் தாண்டத் துணியாத போஜடோர் முனையை அவர்கள் தாண்டியது 1434-ல். கான்ஸ்டாண்டிநோபிள் விழுந்தபோது அவர்களுடைய கப்பல்கள் செனகல் ஆற்றின் முகத்துவாரத்தைத் தாண்டிப் பல வருடம் ஆகியிருந்தது. அதோடு, மிளகு பெரும்பாலும் வந்தது கான்ஸ்டாண்டிநோபிள் வழியாக இல்லை. மலபாரில் ஏற்றிய மூட்டைகள் செங்கடல் வழியாக ஜித்தா, கெய்ரோ, அலெக்சாண்ட்ரியா என்று போய், அங்கிருந்து வெனிஸ் வணிகர்களின் கப்பல்களில் ஐரோப்பா சேர்ந்தன. எகிப்து அப்போது மம்லூக் சுல்தான்கள் கையில் இருந்தது. ஒட்டோமான் துருக்கியர் அதைப் பிடித்தது 1517-ல். அதாவது காமா இந்தியாவுக்கு வந்து 19 வருடம் கழித்து.

அப்படியானால் உண்மையான காரணம் என்ன? ஒரே காரணம் என்று எதுவும் இல்லை என்பதுதான் நேர்மையான பதில். 1415-ல் கிளம்பியவருக்கும் 1497-ல் கிளம்பியவருக்கும் நோக்கம் வேறு வேறு. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறை கண்டுபிடித்ததை வைத்து அடுத்த ஆசையை வளர்த்துக்கொண்டது. ஆனால் இந்த எண்பது வருடமும் மாறாமல் இருந்த சிக்கல் ஒன்று உண்டு. போவது எளிது, திரும்பி வருவதுதான் கடினம். இந்தக் கதையைப் புரிந்துகொள்ள அதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானாக அமைந்துவிடும்.

முதலில் தங்கம்

பதினைந்தாம் நூற்றாண்டின் போர்ச்சுகல் சிறிய நாடு. மக்கள்தொகை ஏறத்தாழ பத்து லட்சம். ஒரு பக்கம் காஸ்டில் என்ற பெரிய அரசு, மறுபக்கம் அட்லாண்டிக் கடல். சொந்தமாகத் தங்கச் சுரங்கம் கிடையாது. ஐரோப்பா முழுவதும் நாணயம் அடிக்கத் தங்கம் தேவைப்பட்ட காலம் அது. அந்தத் தங்கத்தில் பெரும்பகுதி சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒட்டகக் கூட்டங்களில் வந்தது. மாலி நாட்டு மன்னர் மன்சா மூசா 1324-ல் மக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் வாரி இறைத்த தங்கத்தால் அந்த ஊரில் தங்கத்தின் விலையே சரிந்தது. 1375-ல் வரையப்பட்ட கட்டலான் வரைபடத்தில், கையில் தங்கக்கட்டியோடு அவர் உட்கார்ந்திருக்கும் படத்தை இன்றும் பார்க்கலாம்.

பாலைவனத்தைக் கடந்து போய் அந்தத் தங்கத்தை வாங்க போர்ச்சுகீசியர்களால் முடியாது. வழியெல்லாம் மற்றவர்கள் கையில். கடல்வழியாகச் சுற்றிக்கொண்டு அதன் பிறப்பிடத்துக்கே போனால் என்ன? ஆரம்பத்தில் இருந்த கணக்கு இதுதான். இந்தியா அப்போது யார் திட்டத்திலும் தெளிவாக இல்லை.

இந்தப் பயணங்களுக்கு முதல் புரவலர் என்றிக் இளவரசர். ஆங்கில நூல்கள் அவருக்கு 'கடலோடி ஹென்றி' என்று பட்டம் கொடுத்திருக்கின்றன. அவரோ மொராக்கோ கரையைத் தாண்டிக் கப்பலில் போனதே இல்லை. பணம் கொடுத்தார், ஆட்களை அனுப்பினார், லாபத்தில் பங்கு எடுத்துக்கொண்டார். அவர் தலைமை வகித்த 'கிறிஸ்துவின் சபை' என்ற மதப் போர்வீரர் அமைப்பின் வருமானமும் இதற்குப் போனது. போர்ச்சுகீசியக் கப்பல்களின் பாயில் தெரியும் சிவப்புச் சிலுவை அந்த அமைப்பின் சின்னம்தான்.

என்றிக் ஏன் இதைச் செய்தார் என்று அரசவை வரலாற்றாசிரியர் சுராரா ஒரு பட்டியலே எழுதிவைத்திருக்கிறார். போஜடோருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அறியும் ஆசை. அங்கே வணிகம் செய்யக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களா என்ற தேடல். மூர்களின், அதாவது வட ஆப்பிரிக்க முஸ்லிம்களின், பலம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்ற வேவு. அவர்களுக்கு எதிராகத் துணைக்கு வரக்கூடிய கிறிஸ்தவ அரசர் யாராவது கிடைப்பாரா என்ற எதிர்பார்ப்பு. மதத்தைப் பரப்புவது. கடைசியாக, இளவரசரின் ஜாதகத்தில் அப்படித்தான் இருந்தது என்பது! இளவரசரைப் புகழ எழுதிய பட்டியல் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் இதைப் பொய் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. தங்க ஆசையும் மதப் பற்றும் அந்தக் காலத்து மனிதர்களின் மனதில் தனித்தனி அறைகளில் இருக்கவில்லை. மூர்களின் தங்க வணிகத்தைப் பறிப்பதே மதத்துக்குச் செய்யும் சேவை என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

அந்தக் 'கிறிஸ்தவ அரசர்' பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். கிழக்கில் எங்கோ ப்ரெஸ்டர் ஜான் என்ற மாபெரும் கிறிஸ்தவப் பேரரசர் ஆள்கிறார் என்று ஐரோப்பா பல நூற்றாண்டுகளாக நம்பியது. முதலில் ஆசியாவில் தேடினார்கள். பிறகு எத்தியோப்பியாவில் இருப்பார் என்றார்கள். எத்தியோப்பியாவில் கிறிஸ்தவ அரசு இருந்தது உண்மை. கதையில் வந்த பேரரசர் மட்டும் எங்கும் இல்லை.

மனிதர்களைப் பிடித்து விற்றது

தங்கத்தைத் தேடிப் போனவர்கள் அதற்கு முன்பே மனிதர்களைப் பிடித்தார்கள். 1441-லேயே ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சிலரைக் கைதிகளாகக் கொண்டுவந்தார்கள். 1444 ஆகஸ்ட் 8 அன்று போர்ச்சுகலின் தென்கரையில் உள்ள லாகோஸ் என்ற ஊரில் 235 பேரைக் கப்பலிலிருந்து இறக்கி, வெட்டவெளியில் நிறுத்திப் பங்கு பிரித்தார்கள். தாயிடமிருந்து பிள்ளையை, கணவனிடமிருந்து மனைவியைப் பிரித்தார்கள். அழுகுரலை எல்லாம் சுராராவே எழுதியிருக்கிறார், அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டதாகவும் சொல்கிறார். என்றிக் இளவரசர் குதிரைமேல் அமர்ந்து தன் பங்காக ஐந்தில் ஒரு பகுதியை, 46 பேரை, பெற்றுக்கொண்டார்.

கடற்பயணங்களைப் பற்றிய எளிய கட்டுரைகளில் இது ஒரு வரியில் கடந்துபோய்விடும், அல்லது வரவே வராது. அது சரியில்லை என்று நினைக்கிறேன். பணம் கொடுத்தவர்களுக்குக் கண்ணெதிரே லாபம் காட்டியதில் இந்த அடிமை வணிகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதுவரை இளவரசரின் வீண்செலவு என்று முணுமுணுத்தவர்கள் அதற்குப் பிறகு தாங்களே கப்பல் அனுப்ப அனுமதி கேட்டு வந்தார்கள். 1452, 1455 ஆண்டுகளின் போப்பாண்டவர் ஆணைகள் இதற்கு மத அங்கீகாரமும் கொடுத்தன. பின்னால் அட்லாண்டிக்கைக் கடந்து நூற்றாண்டுகள் நீண்ட அடிமை வணிகத்தின் வேர் இங்கே இருக்கிறது.

1469-ல் அரசர் இந்த வேலையைக் குத்தகைக்கே விட்டார். பெர்னாவ் கோமிஷ் என்ற லிஸ்பன் வணிகர் ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரெயிஸ் (அந்நாட்டு நாணயம்) கட்டவேண்டும், அதோடு ஒவ்வொரு ஆண்டும் நூறு லீக் (அந்தக் காலத் தூர அளவு) புதிய கரையைக் கண்டுபிடிக்கவேண்டும். ஐந்து வருட ஒப்பந்தம். இரண்டே வருடத்தில், 1471-ல், இன்றைய கானா நாட்டின் கரையில் தங்கம் தாராளமாகக் கிடைக்கும் இடத்தை அடைந்தார்கள். 1482-ல் அங்கே எல்மினா கோட்டை எழுந்தது. முதலில் தேடிய தங்கம் கைக்கு வர ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

போஜடோரில் என்ன பயம்?

இப்போது சிக்கலுக்கு வருவோம். இன்றைய மேற்கு சகாராவின் கரையில் இருக்கும் போஜடோர் முனை ஒன்றும் பெரிய மலைமுனை கிடையாது. வரைபடத்தில் தேடினால்கூடச் சட்டென்று கண்ணில் படாது. அதைத் தாண்ட என்றிக் பல ஆண்டுகளாகக் கப்பல்களை அனுப்பிக்கொண்டே இருந்தார், எல்லாம் பாதியில் திரும்பின. கில் ஈயானிஷ் என்ற கப்பல் தலைவரே ஒரு முறை முயன்று திரும்பி, 1434-ல் மறுபடி போய்த்தான் தாண்டினார். தாண்டியதற்கு அடையாளமாக அவர் கொண்டுவந்தது அந்தக் கரையில் பறித்த சில செடிகள்.

பூமி தட்டையானது, விளிம்பில் விழுந்துவிடுவோம் என்று மாலுமிகள் பயந்ததாக ஒரு கதை உலவுகிறது. அது பிற்காலத்தில் கட்டியது. பூமி உருண்டை என்பது படித்த ஐரோப்பியர்களுக்குப் பல நூற்றாண்டுகளாகத் தெரியும். கொலம்பஸோடு போர்ச்சுகீசிய அறிஞர்கள் முரண்பட்டதும் உருண்டையா தட்டையா என்பதில் இல்லை, அளவில்தான். கனாரித் தீவுகளிலிருந்து ஜப்பான் சுமார் 4,400 கிலோமீட்டர் என்றார் கொலம்பஸ். உண்மையில் அது 19,000 கிலோமீட்டருக்கும் மேல். அறிஞர்கள் சொன்னதே சரி. நடுவில் அமெரிக்கா இருந்ததால்தான் கொலம்பஸ் பிழைத்தார்.

போஜடோரில் மாலுமிகளுக்கு இருந்த பயம் நடைமுறைப் பயம். கரையோரம் வெகுதூரம் வரை ஆழமில்லாத கடல். பாலைவனத் தூசியும் பனிமூட்டமும். குடிக்கத் தண்ணீர் கிடைக்காத கரை. எல்லாவற்றையும்விட, அங்கே காற்றும் நீரோட்டமும் வருடம் முழுவதும் ஏறக்குறைய வடகிழக்கிலிருந்து தென்மேற்காகவே போகின்றன. போகும்போது கப்பலைத் தள்ளிக்கொண்டு போகும் அதே காற்று, திரும்பும்போது முகத்தில் அடிக்கும். எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் கொஞ்சம் புரியும், ஆனால் சைக்கிளில் இறங்கித் தள்ளிக்கொண்டாவது வரலாம். சதுரப் பாய் கட்டிய கப்பலுக்கு அதுவும் முடியாது. போனவன் திரும்பமாட்டான் என்று மாலுமிகள் சொன்னது மூடநம்பிக்கை அல்ல. அனுபவத்தில் சொன்னது.

இதற்கு இரண்டு விடை கிடைத்தது. ஒன்று கப்பலில். காரவெல் என்ற சிறிய கப்பலில் முக்கோணப் பாய் இருந்தது. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்க்கப்பலும் போகமுடியாது. ஆனால் முக்கோணப் பாய் இருந்தால், எதிர்க்காற்றுக்குச் சாய்வாக ஒரு பக்கம் கொஞ்ச தூரம், பிறகு மறுபக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்து முன்னேறலாம். ஆழம் குறைந்த ஆற்று முகத்துவாரங்களுக்குள்ளும் அந்தக் கப்பல் நுழையும்.

இரண்டாவது விடைதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்தது. ஊர் திரும்ப வேண்டுமானால், ஊரை விட்டு விலகிப் போ! ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வடக்கே இருக்கும் லிஸ்பனுக்கு வர, கரையை விட்டு விலகி வடமேற்காக, நடு அட்லாண்டிக்கை நோக்கிப் போகவேண்டும். அசோர்ஸ் தீவுகளின் பக்கம் போனதும் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் மேலைக்காற்று கிடைக்கும். அதைப் பிடித்தால் நேராகப் போர்ச்சுகல். தூரம் அதிகம், ஆனால் நேரம் குறைவு. புவியியல் பாடத்தில் வரும் வியாபாரக் காற்று, மேலைக்காற்று என்ற இரண்டையும் இந்த மாலுமிகள் உயிரைப் பணயம் வைத்துக் கடலிலேயே படித்தார்கள். நாள்கணக்கில் கரை கண்ணில் படாமல், ஊரை விட்டு விலகும் திசையில் கப்பலைச் செலுத்த எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

நடுக்கடலில் இருக்கும் இடம் தெரிவது

கரையை விட்டு விலகினால் அடுத்த கேள்வி வரும்: நாம் எங்கே இருக்கிறோம்? திசைகாட்டி இருந்தது, அது திசையை மட்டுமே சொல்லும். வடக்கு தெற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை, அதாவது அட்சரேகையை, துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து தெரிந்துகொண்டார்கள். லிஸ்பனில் அது வானில் உயரத்தில் இருக்கும். தெற்கே போகப்போகத் தாழும். ஊர் திரும்பும்போது, லிஸ்பனில் இருந்த உயரத்துக்கு நட்சத்திரம் வந்ததும் கிழக்கே திருப்பினால் ஊர் வந்துவிடும்.

பூமத்தியரேகையை நெருங்கியதும் துருவ நட்சத்திரம் தொடுவானத்தில் மறைந்துவிடுகிறது. அப்புறம்? சூரியனைப் பிடித்தார்கள். நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தால் அட்சரேகை கிடைக்கும். ஆனால் அந்த உயரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் ஒவ்வொரு நாளுக்குமான அட்டவணை தேவை. அந்த அட்டவணைகளுக்கு அடிப்படை போட்டவர் ஆபிரகாம் சக்கூட்டோ என்ற யூத வானியலாளர். அவருடைய பஞ்சாங்கம் 1496-ல் போர்ச்சுகலில் அச்சானது. அதே ஆண்டு டிசம்பரில் யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்று மன்னர் மானுவேல் ஆணையிட்டார். சக்கூட்டோ துனிசுக்குப் போய்ச் சேர்ந்தார், அவர் கணக்கை நம்பிக் கப்பல்கள் கடலுக்குப் போயின.

கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்ற தீர்க்கரேகைக் கணக்கு மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. வேகத்தையும் நேரத்தையும் வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். அதற்குச் சரியான தீர்வு வரப் பதினெட்டாம் நூற்றாண்டு ஆகிவிட்டது.

இப்போதுதான் இந்தியா

1481-ல் அரியணை ஏறிய இரண்டாம் ஜோவாவ் காலத்தில்தான் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் போகும் எண்ணம் அரசின் உறுதியான திட்டமாகிறது. அவர் 1487-ல் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஆள் அனுப்பினார். தரைவழியில் பேரோ ட கோவில்யாவ் என்ற அரபு பேசத் தெரிந்த ஒற்றர் வணிகர் வேடத்தில் கெய்ரோ, ஏடன் வழியாகக் கண்ணூர், கோழிக்கோடு, கோவா எல்லாம் பார்த்தார். கெய்ரோவுக்குத் திரும்பி அங்கிருந்து செய்தி அனுப்பினார். பிறகு எத்தியோப்பியாவுக்குப் போனவரை அந்த நாட்டு அரசர்கள் வெளியே விடவில்லை. நிலமும் மனைவியும் கொடுத்து அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

கடல்வழியில் போனவர் பார்த்தலோமியோ டயஸ். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் புயல் அவரைக் கரையை விட்டுத் தெற்கே தள்ளிக்கொண்டு போனது. பிறகு கிழக்கே திரும்பிக் கரையைத் தேடினால் கரையைக் காணவில்லை. வடக்கே திருப்பினார், 1488 பிப்ரவரியில் கரை தெரிந்தது. அது கிழக்கு நோக்கி ஓடியது. ஆப்பிரிக்காவின் கடைசி முனையைப் பார்க்காமலேயே சுற்றி வந்திருந்தார்! மேலே போகலாம் என்றார் டயஸ். மாலுமிகள் மறுத்துவிட்டார்கள். உணவு தீர்ந்துகொண்டிருந்தது, ஊர் திரும்ப வேண்டாமா? அவர்களைக் குறை சொல்ல முடியாது. திரும்பும் வழியில்தான் முனையைக் கண்ணால் பார்த்தார். அவர் வைத்த பெயர் புயல்முனை என்றும், அரசர்தான் அதை நன்னம்பிக்கை முனை என்று மாற்றினார் என்றும் போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

டயஸின் பயணத்தில் இன்னொரு பாடமும் கிடைத்தது. வட அட்லாண்டிக்கில் எப்படியோ, அப்படியே தென் அட்லாண்டிக்கிலும் வெகு தெற்கே மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. அப்படியானால் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி எதிர்க்காற்றோடு போராடிக்கொண்டு போகத் தேவையில்லை. நடுக்கடலில் பெரிய வளைவு போட்டு அந்தக் காற்றைப் பிடிக்கலாம்.

காமாவின் வளைவு

1497 ஜூலை 8 அன்று லிஸ்பனிலிருந்து நான்கு கப்பல்களும் ஏறத்தாழ 170 ஆட்களும் கிளம்பினார்கள். இந்த ஆட்களின் நோக்கம் அரசரின் நோக்கம் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். மாலுமிக்குக் கூலி முக்கியம். தலைவர்களாக வந்த பிரபுக்களுக்குப் பட்டமும் நிலமும். சிலர் குற்றவாளிகள். அறியாத கரையில் ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க முதலில் இறக்கிவிடுவதற்கென்றே அவர்களைக் கூட்டிப்போனார்கள். உயிரோடு திரும்பினால் தண்டனை குறையும்.

கேப் வெர்டே தீவுகளிலிருந்து ஆகஸ்ட் 3 அன்று புறப்பட்ட காமா, ஆப்பிரிக்காவை விட்டு விலகி நடு அட்லாண்டிக்கில் தென்மேற்காகப் பெரிய வளைவு போட்டார். அடுத்து அவர்கள் கரையைப் பார்த்தது நவம்பர் 4 அன்று, இன்றைய தென்னாப்பிரிக்காவில். மூன்று மாதம் தண்ணீரையும் வானத்தையும் தவிர வேறெதுவும் இல்லை. கொலம்பஸ் கனாரித் தீவிலிருந்து கிளம்பிக் கரை காண எடுத்துக்கொண்டது 36 நாள்தான். கடலோடும் திறமை என்று பார்த்தால், காமாவின் இந்த வளைவுதான் பெரிய சாதனை என்பது என் எண்ணம். புகழ் என்னவோ கொலம்பஸுக்கே அதிகம் போய்ச் சேர்ந்தது.

இதற்குக் கொடுத்த விலை ஸ்கர்வி நோய். உடலுக்கு வைட்டமின் சி இல்லாவிட்டால் தசைகளையும் ரத்தக்குழாய்களையும் பிடித்து நிறுத்தும் கொலாஜன் என்ற புரதம் சரியாக உருவாகாது. மனித உடல் இந்த வைட்டமினைத் தானாகச் செய்துகொள்ளாது. கப்பலில் இருந்தது காய்ந்த ரொட்டி, உப்பிட்ட இறைச்சி, திராட்சை மது. பழமோ கீரையோ கிடையாது. ஓரிரு மாதத்தில் உடலில் இருந்த கையிருப்பு தீர்ந்துவிடும். கைகால் வீங்கும். ஈறு வளர்ந்து பல்லை மூடும், எதையும் மெல்ல முடியாது. ஆறின பழைய காயங்கள்கூட மறுபடி திறக்கும். 1498 ஜனவரியில் இன்றைய மொசாம்பிக் கரையில் பலருக்கு இந்த நோய் வந்ததைக் கப்பலில் இருந்த ஒருவர் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

நோயாளிகள் ஆரஞ்சுப் பழத்துக்காக ஏங்கியதையும் அதே நாட்குறிப்பு சொல்கிறது. மருந்து கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. ஆனால் காரணம் யாருக்கும் புரியாததால் அது வழக்கமாகவில்லை. ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளைக் கொடுத்துச் சோதித்துக் காட்டியது 1747-ல். பிரிட்டிஷ் கடற்படை எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க முடிவெடுத்தது 1795-ல். நடுவில் போன முந்நூறு வருடத்தில் புயலும் போரும் சேர்ந்து கொன்றதைவிட அதிகம் பேரை இந்த நோய் கொன்றிருக்கும் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

தெரிந்தவர்களின் கடல்

கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு வந்ததும் காமா நுழைந்தது ஆளில்லாத கடலில் இல்லை. மொசாம்பிக், மொம்பாசா, மாலிந்தி துறைமுகங்களில் குஜராத்திகளும் அரபிகளும் சுவாஹிலி வணிகர்களும் காலங்காலமாகப் பாய் விரித்த கடல் அது. பருவக்காற்றின் கணக்கு அவர்களுக்கு அத்துப்படி. மாலிந்தி மன்னர் ஒரு வழிகாட்டி மாலுமியைக் கொடுத்தார். அவர் துணையோடு ஏப்ரல் 24 அன்று கிளம்பிய கப்பல்கள் 23 நாளில் இந்தியக் கரையைக் கண்டன. மே 20 அன்று கோழிக்கோடு.

அங்கே முதலில் கரைக்கு அனுப்பப்பட்டதும் ஒரு குற்றவாளிதான். அவரை ஸ்பானிய மொழி தெரிந்த இரண்டு துனிசியா முஸ்லிம்களிடம் கூட்டிப்போனார்கள். "சாத்தான் உன்னைக் கொண்டுபோக! இங்கே உன்னை யார் கொண்டுவந்தது?" என்று கேட்டார்கள். எதைத் தேடி வந்தீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்: "கிறிஸ்தவர்களையும் நறுமணப் பொருள்களையும்." எண்பது வருட நோக்கங்களில் பாதி இந்த ஒரு பதிலுக்குள் அடங்கிவிடுகிறது. கிறிஸ்தவர்களைக் கண்டுவிட்டதாகவே அவர்கள் நினைத்தார்கள். வழியில் ஒரு கோயிலைத் தேவாலயம் என்று எண்ணி மண்டியிட்டு வணங்கினார்கள். சுவரில் இருந்த நான்கைந்து கை வைத்த உருவங்களைப் புனிதர்கள் என்று எழுதிவைத்தார்கள்.

மிளகு விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. கோழிக்கோட்டு மன்னரான சாமூதிரிக்குக் காமா எடுத்துவைத்த பரிசு 12 துணி, 4 சிவப்புத் தலைமூடி, 6 தொப்பி, 4 பவளச் சரம், 6 கைகழுவும் பாத்திரம், ஒரு பெட்டி சர்க்கரை, இரண்டு பீப்பாய் எண்ணெய், இரண்டு பீப்பாய் தேன். அதைப் பார்த்த அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மக்காவிலிருந்து வரும் பரம ஏழை வணிகன்கூட இதைவிட அதிகம் தருவான், மன்னருக்குக் கொடுப்பதென்றால் தங்கம் கொடு என்றார்கள். ஆப்பிரிக்கக் கரையில் எடுபட்ட சரக்கு மலபாரில் எடுபடவில்லை. இந்தியாவிடம் விற்க ஐரோப்பாவிடம் பெரிதாக எதுவும் இல்லை என்ற உண்மை அன்றே தெரிந்துவிட்டது. இனி வாங்கத் தங்கமும் வெள்ளியும் வேண்டும், இல்லாவிட்டால் பீரங்கி.

திரும்பும்போது காமா ஒரு பெரிய தவறு செய்தார். ஆகஸ்ட் கடைசியில், தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் ஓயாத நேரத்தில் கோழிக்கோட்டை விட்டுக் கிளம்பினார். உள்ளூர் மாலுமிகள் யாரும் அந்த நேரத்தில் மேற்கே போகமாட்டார்கள். வடகிழக்குக் காற்று தொடங்கும்வரை காத்திருப்பார்கள். கோவாவுக்குத் தெற்கே உள்ள அஞ்சதீவில் சில நாள் தங்கிவிட்டு அக்டோபர் 5 அன்று கிளம்பிய கப்பல்கள், காற்று விழுந்தும் எதிர்த்தும் அலைக்கழிக்க, ஜனவரி 2 அன்றுதான் ஆப்பிரிக்கக் கரையைக் கண்டன. வரும்போது 23 நாளில் கடந்த அதே கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதம். ஸ்கர்வியில் 30 பேர் செத்தார்கள், முன்பே இன்னொரு 30 பேர் போயிருந்தார்கள். ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்ய ஏழெட்டுப் பேர் மிஞ்சினார்கள். ஓட்ட ஆள் இல்லாததால் சாவ் ரபாயெல் என்ற கப்பலைத் தீ வைத்து எரித்துவிட்டார்கள். அந்தக் கப்பலின் தலைவர், காமாவின் அண்ணன் பாவ்லோ, அசோர்ஸ் தீவில் இறந்தார். கிளம்பியவர்களில் பாதிப்பேர்கூட லிஸ்பன் திரும்பவில்லை.

ஆனாலும் வழி திறந்துவிட்டது. 1500 மார்ச்சில் கப்ரால் தலைமையில் 13 கப்பல் கிளம்பியது. அட்லாண்டிக் வளைவை இன்னும் மேற்கே போட்டதில் பிரேசில் கரையைத் தொட்டார்கள். நன்னம்பிக்கை முனைக்குப் போகும் வழியில் வந்த புயலில் நான்கு கப்பல் மூழ்கியது, அதில் ஒன்றில் இருந்தவர் பார்த்தலோமியோ டயஸ். கோழிக்கோட்டில் மோதல் வந்ததும் கப்ரால் நகரத்தின்மேல் பீரங்கியால் சுட்டார். 1502-ல் மறுபடி வந்த காமா, மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்ரீகர்களின் கப்பலைப் பெண்களும் குழந்தைகளும் இருக்கும்போதே எரித்தார். பிறகு, இந்தியப் பெருங்கடலில் ஓடும் வணிகக் கப்பல்கள் போர்ச்சுகீசியரிடம் காசு கட்டி அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்ற விதி வந்தது. யாரிடமும் சீட்டு கேட்காமல் எல்லோரும் ஓடிய கடல் அதுவரை.

காற்றின் கணக்கையும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். லிஸ்பனிலிருந்து மார்ச், ஏப்ரலில் கிளம்புவது, ஜூலை வாக்கில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றுவது, தென்மேற்குப் பருவக்காற்றின் கடைசிப் பகுதியைப் பிடித்துச் செப்டம்பரில் கோவாவுக்கோ கொச்சிக்கோ வருவது, மிளகு ஏற்றிக்கொண்டு டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்றோடு திரும்புவது. இந்த நாட்காட்டியை ஒட்டி லிஸ்பனிலிருந்து ஆண்டுதோறும் இந்தியாவுக்குக் கப்பல்கள் கிளம்பின. பாதை தெரிந்த பிறகும் ஸ்கர்வியும் புயலும் அவற்றை விடவில்லை. ஏறும் ஆட்களும் குறையவில்லை, ஏனென்றால் ஒரு கப்பல் மிளகு ஊர் வந்து சேர்ந்தால் தொலைந்த கப்பலின் நஷ்டத்தையும் அது ஈடுகட்டியது.